நெஞ்சு எரிந்தால் அக்னி அதிகம் என்று யார் சொன்னது?

நெஞ்சு எரிகிறது என்று யாரிடம் சொன்னாலும் இரண்டில் ஒரு பதில் வரும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டால் "ஆசிட் அதிகமாயிருச்சுங்க". வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டால் "பித்தம் ஏறிருச்சு, உனக்குச் சூட்டு உடம்பு". சொல்கிற வார்த்தைதான் வேறு, கணக்கு ஒன்றுதான். எரிகிறது என்றால் உள்ளே நெருப்பு, அதாவது ஆயுர்வேதம் அக்னி என்று சொல்லும் செரிமான நெருப்பு, அதிகம், அதை அணைத்தாக வேண்டும்.

என் வயிறு இந்தக் கணக்குக்கு ஒத்துவரவில்லை. இரவில் படுத்தால் எரிச்சல் தொண்டை வரை ஏறும். ஆனால் காலையில் பசியே இருக்காது. மதியம் இரண்டு கரண்டி சோறு உள்ளே போனதும் பந்தியில் உட்கார்ந்து எழுந்தது போல வயிறு நிறைந்துவிடும். மாலை காப்பி நேரத்திலும் அந்தச் சோறு அங்கேயே கிடப்பது போல ஒரு பாரம். நெருப்பு அவ்வளவு அதிகம் என்றால் சோறு ஏன் செரிக்கவில்லை? கோவையில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். செரிமான மண்டலம் பாடத்தை வருஷா வருஷம் படம் போட்டு நடத்தியவள். ஆனால் பாடத்தில் வரும் வயிறு எப்போதும் ஒழுங்காக வேலை செய்கிற வயிறு.

முதலில் போனது கேஸ்ட்ரோ டாக்டரிடம். எண்டோஸ்கோப்பி செய்தார். புண் எதுவும் இல்லை. ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி இருக்கிறதா என்று பார்க்க எடுத்த சதைத் துணுக்கிலும் ஒன்றும் இல்லை. உணவுக்குழலின் அடியில் லேசான சிவப்பு, அவ்வளவுதான். என் பழைய மாணவர்களை விடவும் வயதில் சின்னவராக இருந்த அவர் சொன்னது எனக்கு உபயோகமாக இருந்தது. "ஆசிட் ரொம்பச் சுரக்குதுன்னு நினைக்காதீங்க மேடம். மத்தவங்களுக்குச் சுரக்குற அளவுதான் உங்களுக்கும் இருக்கும். இடம் மாறி வருது, அதான் எரியுது."

உணவுக்குழல் இரைப்பையில் சேரும் இடத்தில் ஒரு வளையத் தசை இருக்கிறது. விழுங்கும்போது திறக்கும், பிறகு மூடிக்கொள்ளும். விழுங்காத நேரத்திலும் அவ்வப்போது சற்றுத் தளரும். ஏப்பம் வெளியே வருவது அந்த வழியாகத்தான். இரைப்பையின் மேல்பகுதி எவ்வளவு உப்புகிறதோ, இந்தத் தளர்ச்சி அவ்வளவு அடிக்கடி நடக்கும். இரைப்பைச் சாற்றின் பிஎச் ஏறத்தாழ 1.5 முதல் 3.5 வரை. அதைத் தாங்குவதற்கு இரைப்பையின் உட்சுவரில் சளிப் படலமும் பைகார்பனேட்டும் இருக்கின்றன. உணவுக்குழலுக்கு அந்த அளவுக்குக் காப்பு கிடையாது. கொஞ்சம் மேலே வந்தாலும் எரியும். ஆக, எரிச்சலை வைத்து ஆசிட்டை அளக்க முடியாது.

பாரத்துக்கும் பசியின்மைக்கும் அவர் வேறு காரணம் சொன்னார். சோறு வரும்போது இரைப்பையின் மேல்பகுதி இளகி இடம் கொடுக்க வேண்டும். சிலருக்கு அது சரியாக இளகுவதில்லை. சிலருக்கு இரைப்பை மெதுவாகக் காலியாகும். சிலருக்கு அங்குள்ள நரம்புகள் சாதாரண விரிவையே பெரிய தொந்தரவாக மூளைக்குச் சொல்லும். இதில் எதுவும் எண்டோஸ்கோப்பியில் தெரியாது. குழாயில் உடைப்பு இல்லை, ஓட்டத்தில்தான் கோளாறு. வீட்டிலோ "எல்லாம் பாத்தாச்சு, ஒண்ணும் இல்லையாமா" என்று அத்தை பக்கத்து வீட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒன்றும் இல்லாமல் யாருக்காவது ராத்திரி இரண்டு மணிக்குத் தொண்டை எரியுமா?

அப்புறம்தான் பாலக்காட்டு ஆயுர்வேத வைத்தியர். கோவைக்காரர்களுக்குப் பாலக்காடு ஒன்றும் தூரமில்லை. கணவரின் மூட்டு வலிக்காக ஏற்கெனவே போய்க்கொண்டிருந்த இடம்தான். கேரள வைத்தியர்களுக்கு வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயம்தான் அடிப்படை நூல். இவரும் பேச்சுக்கு நடுவே அதிலிருந்து ஒரு வரி சொல்லிவிட்டுத்தான் அடுத்த கேள்விக்குப் போவார். நாக்கைப் பார்த்தார், வயிற்றைத் தட்டிப் பார்த்தார், அதைவிட அதிகமாகக் கேள்வி கேட்டார். கடைசியில் சொன்னார்: "டீச்சருக்கு அக்னி கூடுதலொண்ணும் இல்லை. குறைவாக்கும்."

அவருடைய விளக்கம் இது. அக்னிக்கு நான்கு நிலை. ஒழுங்காக இருந்தால் சமாக்னி. வாதம் மேலோங்கினால் ஒருநாள் செரிக்கும், ஒருநாள் செரிக்காது, அது விஷமாக்னி. பித்தம் மேலோங்கினால் எவ்வளவு போட்டாலும் எரித்துவிடும் தீக்ஷ்ணாக்னி. கபத்தால் மந்தாக்னி. மந்தமான அக்னியில் சோறு பாதி வெந்தும் வேகாமலும் தங்கி, புளித்து, மேலே எரிச்சலாக வரும். பாதி வெந்து புளித்த அந்த நிலைக்கு விதக்தம் என்று பெயர். எனக்கு இருப்பது அம்லபித்தம், அதாவது புளித்து எரிகிற பித்தம், ஆனால் அதன் வேர் மந்தாக்னி. நெருப்பை அணைக்கிற வைத்தியம் இதற்கு உதவாது என்றார்.

ஒருவரை ஒருவர் பார்த்திராத இரண்டு பேர். ஒருவர் ஆசிட் அதிகமில்லை, ஓட்டம்தான் சரியில்லை என்கிறார். இன்னொருவர் அக்னி அதிகமில்லை, மந்தம் என்கிறார். எனக்குக் கிடைத்த சாப்பாட்டு ஆலோசனைகளிலும் முக்கால்வாசி ஒன்றாகவே இருந்தன. அதனால்தான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

அப்படிப் பார்க்கும்போது பலரும் போகிற குறுக்குவழி, அக்னி என்றால் ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்று சொல்லிவிடுவது. அதில் எனக்கு உடன்பாடில்லை. அக்னி அமிலம்தான் என்றால், அமிலத்தைக் குறைக்கிற மாத்திரை சாப்பிடுகிற கோடிக்கணக்கான பேருக்குச் சோறே செரிக்கக் கூடாது. செரிக்கிறது. புற்றுநோய்க்காக இரைப்பையை முழுவதும் எடுத்துவிட்டவர்கள்கூட சிறிது சிறிதாகச் சாப்பிட்டு, பி12 ஊசி போட்டுக்கொண்டு வாழ்கிறார்கள். செரிமானத்தில் பெரும்பங்கு வேலையைச் செய்வது கணைய நீரும் பித்தநீரும் சிறுகுடலும்தான். ஆயுர்வேதமும் அக்னியை ஒரு பொருளாகச் சொல்லவில்லை. வயிற்றில் ஜாடராக்னி ஒன்று, ஐம்பூதங்களுக்கான பூதாக்னி ஐந்து, ரசம், ரத்தம் போன்ற உடல் தாதுக்களில் ஏழு என்று 13 அக்னிகளைக் கணக்கிடுகிறது. சோறு உடம்பாக மாறுகிற வரை நடக்கிற எல்லா மாற்றத்துக்கும் சேர்த்து வைத்த பெயர் அது. பசி, லேசான உடம்பு, கழிவு ஒழுங்காகப் போவது என்று நமக்கே தெரிகிற அடையாளங்களை வைத்து அந்த நூல்கள் அக்னியை மதிப்பிடுகின்றன. சுரப்பியும் நொதியும் தெரியாத காலத்தில் வைத்தியர் கையில் இருந்தது நோயாளியின் வாக்குமூலம் மட்டும்தான். எண்டோஸ்கோப்பியில் ஒன்றும் தெரியாத என்னைப் போன்றவர்களைப் பொறுத்தவரை இன்றைக்கும் டாக்டர் கையில் இருப்பது பெரும்பாலும் அதுதான்.

இந்த நான்கு நிலையை நோயின் பெயராக எடுத்துக்கொள்வதில் ஒரு ஆபத்து உண்டு. நிறையச் சாப்பிட்டும் ஒருவர் மெலிந்துகொண்டே போகிறார் என்றால் தீக்ஷ்ணாக்னி என்று சொல்லி நெய்யும் பாலும் கொடுத்துக்கொண்டிருக்கக் கூடாது. தைராய்டும் சர்க்கரையும் பார்க்க வேண்டும்.

சரி, நடைமுறையில் எனக்கு எது பயன்பட்டது?

முதல் இடம் வைத்தியரின் ஒரு கேள்விக்கு. "முன்னே கழிச்சது தகிச்சோ?" என்பார். முன்னால் சாப்பிட்டது செரித்ததா என்று அர்த்தம். செரித்ததற்கு நூல்கள் சொல்லும் அடையாளங்கள் எளிமையானவை: சோற்று மணம் இல்லாத சுத்தமான ஏப்பம், உடம்பு லேசாக இருப்பது, வாயுவும் மலமும் தடையில்லாமல் போவது, பசி, தாகம். இவை வருவதற்கு முன்பே மறுபடி சாப்பிடுவதற்கு அத்யசனம் என்று தனிப் பெயரே வைத்து, நோய்க்குக் காரணங்களில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறார்கள். வள்ளுவரும் "அருந்தியது அற்றது போற்றி உணின்" மருந்தே வேண்டாம் என்கிறார். இதைப் பள்ளியில் தமிழ் ஐயா நடத்துவார், செரிமானத்தை நான் நடத்துவேன். இரண்டு வகுப்பிலும் இருந்த பிள்ளைகள் மணியடித்ததும் போய் பஃப்ஸ் வாங்குவார்கள்.

இதற்கு உடலியலில் நேரடியான துணை இருக்கிறது. திட உணவு இரைப்பையை விட்டுப் போகும் வேகத்தை அளக்கும் சோதனையில், நான்கு மணி நேரத்தில் 90 சதவீதத்துக்கு மேல் காலியாகியிருந்தால்தான் இயல்பு என்பார்கள். எண்ணெயும் கொழுப்பும் சேர்ந்தால் இன்னும் தாமதமாகும். முன்சிறுகுடலுக்குள் கொழுப்பு வந்ததும் அங்கே சுரக்கும் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன், மேலிருந்து வருவதை மெதுவாக்கச் சொல்லிவிடும். எல்லாம் போன பிறகு ஏறக்குறைய 90 முதல் 120 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு பெரிய அலை இரைப்பையிலிருந்து சிறுகுடலின் கடைசி வரை ஓடி, மிச்சம் மீதியைத் தள்ளிக்கொண்டு போகும். வெறும் வயிற்றில் கேட்கிற கடமுடா சத்தத்துக்கு அதுவும் ஒரு காரணம். நடுவில் ஒரு பிஸ்கட் போட்டால்கூட அந்த அலை நின்றுவிடும். வயிறு மறுபடி சாப்பாட்டு நேர அசைவுக்குத் திரும்பும். ஒரு யாமத்துக்குள் மறுபடி உண்ணாதே, இரண்டு யாமத்தைத் தாண்டிப் பட்டினி கிடக்காதே என்று ஒரு சுலோகத்தை வைத்தியர் சொன்னார். யாமம் என்றால் மூன்று மணி நேரம். மூன்றிலிருந்து ஆறு. அலையைப் பதிவு செய்யும் கருவி இல்லாமல் இந்த எண்ணுக்கு வந்து சேர்ந்தவர்களை மெச்சத்தான் வேண்டும்.

பதினோரு மணி வடை, நாலு மணி முறுக்கு, சமைக்கும்போது வாயில் போட்டுக்கொள்ளும் தேங்காய்ச் சில் எல்லாவற்றையும் நிறுத்தினேன். முதல் வாரம் பசி வரவில்லை. பசி வரும் வரை சாப்பாட்டைத் தள்ளிவைக்கச் சொல்லியிருந்தார் வைத்தியர். கேஸ்ட்ரோ டாக்டர் இதற்குச் சம்மதித்தார், ஆனால் சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் இப்படிச் சொந்தமாகச் சாப்பாட்டைத் தள்ளிப்போடக் கூடாது என்று குறிப்பாகச் சொன்னார். எனக்குச் சர்க்கரை இல்லை. கொஞ்ச நாளில் மதியம் ஒரு மணிக்கு உண்மையான பசி வந்தது.

அடுத்தது அளவு. வயிற்றில் பாதி சோற்றுக்கு, கால் பங்கு நீருக்கு, கால் பங்கு காற்றுக்கு என்பது வாக்படர் கணக்கு. ஆயுர்வேதத்தின் இன்னொரு மூல நூலான சரக சம்ஹிதையின் சரகர் மூன்று பங்காகப் பிரிக்கிறார். பிரிப்பது எப்படியோ, இரண்டு பேரும் ஒரு பங்கைக் காலியாக விடுகிறார்கள். வளையத் தசையின் கதையைக் கேட்ட பிறகு அந்தக் காலி இடத்தின் அருமை எனக்குப் புரிந்தது. இரைப்பையின் மேல்பகுதி உப்பாமல் இருந்தால் தசை தளர்வது குறையும்.

சாப்பிடும்போது தண்ணீர் குடித்தால் அக்னி அணைந்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் வாரம் ஒருமுறை யாராவது அனுப்புகிறார்கள். ஆயுர்வேதம் சொன்னதாக வேறு போட்டிருக்கும். வாக்படர் சொன்னது அப்படியில்லை. உணவுக்கு முன் குடித்தால் மெலிவான், பின் குடித்தால் பருப்பான், நடுவில் குடித்தால் உடம்பு சமமாக இருக்கும் என்பது அவர் வரி. உடலியலிலும் நல்ல வயிற்றுக்காரர் ஒரு தம்ளர் தண்ணீர் குடிப்பதால் செரிமானம் கெடுவதில்லை. இரைப்பை நாளொன்றுக்குச் சுமார் இரண்டு லிட்டர் சாறு சுரக்கிறது. சாற்றை நீர்க்கவைத்தால் அதற்குத் தகுந்தபடி மேலும் சுரக்கும். ஆனால் எரிச்சல்காரர்கள் சாப்பிட்டு முடித்ததும் ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து ஊற்றிக்கொண்டால் வயிறு உப்பும், கூடவே காற்றையும் விழுங்குவார்கள். நான் நடுநடுவே இரண்டு மூன்று வாய் வெதுவெதுப்பான நீர் குடிக்கிறேன். வெந்நீர் கொழுப்பைக் கரைக்கும் என்பதெல்லாம் வீண் பேச்சு.

மனநிலையைப் பற்றி இரண்டு மருத்துவமும் சொல்வது இவ்வளவு ஒத்துப்போகும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கவலை, துக்கம், பயம், கோபம், சரியில்லாத படுக்கை, இரவுக் கண்விழிப்பு இவற்றால் அளவாகச் சாப்பிட்ட நல்ல உணவும் செரிக்காது என்று சரக சம்ஹிதையின் விமானஸ்தானம் என்ற பகுதியில் வருகிறது. பேசாமல், சிரிக்காமல், மிக வேகமாகவும் இல்லாமல் மிக மெதுவாகவும் இல்லாமல், மனதைச் சோற்றில் வைத்துச் சாப்பிடு என்றும் இருக்கிறது. இதை 19-ம் நூற்றாண்டில் கண்ணால் பார்த்தவர் வில்லியம் பியூமாண்ட் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர். 1822-ல் மேக்கினாக் தீவில் அலெக்ஸிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற இளைஞனுக்கு வயிற்றில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. பிழைத்துக்கொண்டான், ஆனால் இரைப்பையில் விழுந்த ஓட்டை மூடவே இல்லை. அதன் வழியே பல வருஷம் செரிமானத்தை நேரடியாகப் பார்த்து, 1833-ல் புத்தகமாக வெளியிட்டார் பியூமாண்ட். அவன் கோபப்பட்டபோது செரிமானம் தடைப்பட்டதையும் அவர் எழுதி வைத்திருக்கிறார். ஓட்டையில் நூல் கட்டி இறைச்சித் துண்டு தொங்கவிட்டால் யாருக்குத்தான் கோபம் வராது!

பிறகு ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ். மணியோசை கேட்ட நாய் என்றுதான் எல்லோருக்கும் அவரைத் தெரியும். ஆனால் 1904-ல் அவருக்கு நோபல் பரிசு வந்தது செரிமான ஆராய்ச்சிக்காக. விழுங்கியது வயிற்றுக்குப் போகாமல் கழுத்து வழியே வெளியே விழுந்துவிடும்படி அறுவை செய்த நாய்க்கும் இரைப்பைச் சாறு சுரந்தது. மூளையிலிருந்து வரும் வேகஸ் நரம்பை வெட்டினால் அது நின்றது. பார்ப்பது, முகர்வது, மெல்வது, சுவைப்பது இவையே சுரப்பைத் தொடங்கிவைக்கின்றன. ஒரு வேளைச் சாப்பாட்டுக்குச் சுரக்கும் அமிலத்தில் சுமார் 30 சதவீதம் இந்தக் கட்டத்தில் வருவதாகப் பாடநூல்கள் சொல்லும். எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாடு என்றால் டிவி விவாதம். நாலு பேர் கத்த, கணவரும் பதிலுக்கு இங்கிருந்து கத்த, தட்டில் என்ன இருக்கிறது என்றே தெரியாமல் சாப்பிட்டு எழுவோம். இப்போது டிவி இருக்கும் கூடத்தில் சாப்பாடு இல்லை. இந்த ஒரு மாற்றத்துக்குத்தான் வீட்டில் எதிர்ப்பு பலமாக இருந்தது.

ஒத்துப்போகாத இடங்களையும் சொல்ல வேண்டும். செரிமானம் இனிப்பு, புளிப்பு, கார்ப்பு என்று மூன்று கட்டமாக நடப்பதாக ஆயுர்வேதம் சொல்கிறது. வாயில் மாவுச்சத்து சர்க்கரையாவதுதான் இனிப்பு, இரைப்பை அமிலம்தான் புளிப்பு, பெருங்குடலில் நொதித்து வாயு வருவதுதான் மூன்றாவது என்று சிலர் இதை உடலியலோடு பொருத்தி எழுதுகிறார்கள். பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் நூல் இனிப்புக் கட்டத்தையே இரைப்பையில்தான் வைக்கிறது. புளிப்பு, உணவு இரைப்பையிலிருந்து கீழே நகரும்போது. உடலியலிலோ அங்கே போனதும் கணையம் பைகார்பனேட்டை ஊற்றிப் புளிப்பை மாற்றிவிடும். முன்பின் தள்ளி ஒட்டவைத்தால் இரண்டையும் கெடுத்ததாகத்தான் ஆகும். வகுப்பில் ஒரு பிள்ளை இப்படி எழுதியிருந்தால் சிவப்பு மையில் சுழித்திருப்பேன்.

ஆமம் இன்னும் சிக்கல். சரியாக வேகாத உணவுச் சாறு உடம்பில் தங்கி நோய் செய்யும் என்பது கருத்து. அதை டாக்சின் என்று மாற்றிச் சொல்லி வெளியேற்ற மருந்து விற்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். என்ன டாக்சின், எந்தச் சோதனையில் தெரியும் என்று கேட்டால் பதில் வராது. காலையில் நாக்கில் படியும் வெள்ளை மாவு ஆமம் வெளிவருவதன் அடையாளம் என்பார்கள். அதில் இருப்பது பெரும்பாலும் பாக்டீரியாவும் உதிர்ந்த செல்களும் உணவுத் துணுக்குகளும். வழித்து எடுப்பது வாய்க்கு நல்லது, நான் தினமும் செய்கிறேன். உடம்பு கனம், சோம்பல், சாப்பாட்டில் வெறுப்பு என்று ஆமத்துக்குச் சொல்லும் அறிகுறிகள் என் பழைய நாட்களுக்கு அச்சாகப் பொருந்தின என்பதும் உண்மை. ஒரு நிலையை நன்றாக வர்ணிப்பது வேறு, காரணத்தைச் சரியாகச் சொல்வது வேறு. வயிற்றுப்புண் விஷயத்தில் நவீன மருத்துவமும் 1980-கள் வரை மனக்கவலை, காரம், அமிலம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. ஹெலிகோபாக்டர் கிருமிதான் காரணம் என்று காட்ட ஆஸ்திரேலிய மருத்துவர் பாரி மார்ஷல் அதைத் தானே குடித்தது 1984-ல். அவருக்கும் அவரோடு சேர்ந்து ஆராய்ந்த ராபின் வாரனுக்கும் நோபல் வந்தது 2005-ல்.

இங்கே என் சித்தப்பா கதையைச் சொல்ல வேண்டும். அவருக்கும் வயிற்றில் பாரம், பசியின்மை. ஊரில் ஒருவர் மந்தாக்னி என்று சொல்லிக் கஷாயம் கொடுத்துக்கொண்டிருந்தார். மலம் தார் போலக் கருப்பாகப் போவதை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. படியேறும்போது மூச்சு வாங்கி மயங்கி விழுந்த பிறகுதான் பார்த்தார்கள். புண்ணிலிருந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது, ஹெலிகோபாக்டர் இருந்தது. ஆன்டிபயாடிக் கொடுத்து, ரத்தம் ஏற்றி, தேறி வந்தார். கருப்பு மலம் (இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் கருக்கும், அது வேறு), ரத்த வாந்தி, விழுங்கும்போது அடைப்பது, காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, விடாத வாந்தி, நடுவயதுக்குப் பிறகு புதிதாகத் தொடங்கும் அஜீரணம், இவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் எண்டோஸ்கோப்பி. அதன் பிறகு அக்னியைப் பற்றிப் பேசலாம். நடந்தால் வந்து நின்றால் போகிற நெஞ்சு எரிச்சலும், வியர்வையோடு இடது கைக்கோ தாடைக்கோ பரவுகிற வலியும் வாயு என்று வைத்துக்கொண்டு சுக்குத் தண்ணீர் குடிக்கிற விஷயமே இல்லை. நேராக அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

மருந்துக்கு வருகிறேன். டாக்டர் கொடுத்தது அமிலம் சுரக்கும் பம்ப்பை அடைக்கும் மாத்திரை. சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு போட்டால்தான் முழுப் பலன், ஏனென்றால் சாப்பாடு வரும்போது வேலை செய்யத் தொடங்கும் பம்ப்பைத்தான் அது பிடிக்கும். இதைச் சொல்லாமல் சீட்டு எழுதுகிறவர்கள்தான் அதிகம். வைத்தியர் இந்த மாத்திரையை உடனே நிறுத்தச் சொல்வார் என்று நினைத்தேன். "பெட்டென்று நிறுத்தண்டா டீச்சரே, டாக்டரைக் கேட்டு மெல்லக் குறைங்க" என்றார். அது சரியான ஆலோசனை. 2009-ல் டென்மார்க்கில் எந்த வயிற்றுத் தொந்தரவும் இல்லாதவர்களுக்கு எட்டு வாரம் இந்த வகை மாத்திரை கொடுத்து நிறுத்தியபோது, 40 சதவீதத்துக்கு மேற்பட்டோருக்குப் புதிதாக எரிச்சல், புளிப்பு ஏப்பம் போன்ற தொந்தரவு வந்தது. அடக்கி வைத்த சுரப்பு திரும்பி எழுகிறது. பலர் அதைப் பார்த்துவிட்டு, மாத்திரை இல்லாமல் தன்னால் இருக்கவே முடியாது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். எனக்கு டாக்டர் படிப்படியாகக் குறைத்துக் கொடுத்தார்.

வைத்தியர் கொடுத்தது அஷ்ட சூரணம். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், இந்துப்பு, சீரகம், கருஞ்சீரகம், பெருங்காயம். முதல் உருண்டைச் சோற்றில் நெய்யோடு பிசைந்து சாப்பிட வேண்டும். நம் ரசத்தின் உறவுக்காரச் சரக்குகள்தான். இஞ்சி இரைப்பை காலியாவதை வேகப்படுத்துவதாகச் சில ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மற்றவற்றுக்கு ஆதாரம் குறைவு. எனக்கு இந்தச் சூரணத்தால் குறைந்ததா, நொறுக்குத்தீனியை நிறுத்தியதால் குறைந்ததா, மாத்திரையாலா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. எல்லாம் ஒரே சமயத்தில் நடந்தன. இதில் உப்பு இருப்பதால் பிரஷர் உள்ளவர்கள் கேட்டுச் சாப்பிட வேண்டும். மிளகிலும் திப்பிலியிலும் உள்ள பைப்பரின் வேறு மருந்துகள் ரத்தத்தில் சேரும் அளவைக் கூட்டக்கூடியது. வலிப்புக்குத் தரும் பெனிடோயினும், ஆஸ்துமாவுக்குத் தரும் தியோபிலினும் அந்த வரிசையில் உண்டு. அதிமதுரம் நாள்பட எடுத்தால் பிரஷர் ஏறி, பொட்டாசியம் குறையும். மூலிகைதானே என்று டாக்டரிடம் சொல்லாமல் விடுவது பெரிய தப்பு. என் பையில் இப்போது ஒரே சீட்டு இருக்கிறது, இரண்டு பக்க மருந்தும் அதில் இருக்கும், இரண்டு பேரிடமும் அதையே நீட்டுகிறேன். பெயர் ஒட்டாத பொட்டலத்தில் வரும் சூரணத்தை வாங்குவதில்லை. பாஸ்டன் பகுதிக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்து 2004-ல் வெளிவந்த ஆய்வில் 14-ல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தது.

இரவுச் சாப்பாட்டை ஏழரைக்குள் முடிப்பதும் படுக்கப் போவதற்கு மூன்று மணி நேரம் இடைவெளி விடுவதும் இரண்டு பேரும் சொன்னது. மாலையில் இரைப்பை காலியாவது காலையைவிட மெதுவாக இருக்கும். சாப்பிட்டதும் நூறடி நடந்து, படுக்கும்போது இடது பக்கமாகப் படு என்றார் வைத்தியர். இடது பக்கம் படுத்தால் இரைப்பை உணவுக்குழல் சேரும் இடத்துக்குக் கீழே அமைந்துவிடும், மேலே வந்த அமிலமும் சீக்கிரம் இறங்கும் என்று டாக்டர் படம் போட்டுக் காட்டினார். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் மரக்கட்டை வைத்து அரை அடி உயர்த்தியது அவர் யோசனை. தலையணையை அடுக்கினால் வயிறு மடங்கி இன்னும் அமுங்கும், கட்டிலே சாய வேண்டும். நான் சறுக்கிக்கொண்டே வருகிறேன் என்று கணவர் இரண்டு நாள் புகார் சொல்லிவிட்டுக் கூடத்துக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டார்.

இன்னும் தீராத வழக்கு பால்தான். வைத்தியருக்கு இரவில் ஒரு தம்ளர் பசும்பால் அமிர்தம், பித்தத்தைத் தணிக்கும். டாக்டரோ பால் அப்போதைக்குக் குளிர்ச்சியாக இருக்கும், ஆனால் அதிலுள்ள புரதமும் கால்சியமும் பிறகு அமிலச் சுரப்பைத் தூண்டும் என்கிறார். என் வயிறு டாக்டர் பக்கம். மதிய மோர் விஷயத்தில் இரண்டு பேருக்கும் சண்டையில்லை. கடைந்து வெண்ணெய் எடுத்துவிட்டதால் கொழுப்பு குறைவு, புளித்ததில் பால் சர்க்கரையும் ஓரளவு குறைந்திருக்கும். பாலோடு வாழைப்பழம் சேரவே கூடாது, விருத்த ஆகாரம் (ஒன்றுக்கொன்று முரணான உணவு) என்பது வைத்தியரின் கட்சி. உடலியலில் இதற்கு நான் தேடியவரை ஒரு காரணமும் கிடைக்கவில்லை. கணவர் தினமும் ராத்திரி ஒன்பதரைக்குப் பாலும் ஒரு பூவன்பழமும் சாப்பிட்டுவிட்டு உடனே படுத்துத் தூங்குகிறார். ஏப்பம்கூட வருவதில்லை.